கார்ட்டூன் விலங்கு எங்கே பொய் சொல்கிறது, அந்தப் பொய் எப்போது கடிக்கிறது

1977ஆம் ஆண்டு முழுக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும், ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு ரக்கூன் குட்டி வந்தது. அதன் பெயர் ராஸ்கல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறுவன் அதைக் காட்டிலிருந்து எடுத்துவந்து வளர்க்கிறான். 52 வாரம் ஓடிய கதை அவ்வளவுதான். ரக்கூன் வட அமெரிக்காவில் வாழும், முகத்தில் கறுப்புத் திட்டுள்ள சிறு விலங்கு; ஜப்பானில் இயற்கையாக வாழும் விலங்கு அல்ல. தொடரைப் பார்த்த பிள்ளைகள் அடம்பிடித்தார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள், வட அமெரிக்காவிலிருந்து ரக்கூன் குட்டிகள் வந்து இறங்கின. 2005ல் அதே விலங்கை இறக்குமதி செய்யவும் வளர்க்கவும் வெளியே விடவும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய நிலை வந்தது.

2016ல் வந்த 'ஃபைண்டிங் டோரி' என்ற கார்ட்டூன் படத்தில் மறதிக்கார நீல மீன் ஒன்று நாயகி. படம் வருவதற்கு முன்பே கடல் ஆர்வலர்கள் பயந்தார்கள்: எல்லோரும் இதை வாங்கிப் போய்த் தொட்டியில் போடுவார்கள், பவளப்பாறைகள் காலியாகிவிடும் என்று. பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். இணையத்தில் அந்த மீனைத் தேடியவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவுக்கு வந்த மீன் இறக்குமதி கூடியதற்குத் தடயம் கிடைக்கவில்லை.

இரண்டிலும் அழகான ஒரு விலங்கைத் திரையில் காட்டினார்கள். ஒன்று நாட்டையே படுத்தியது, இன்னொன்று ஒன்றும் செய்யவில்லை. ஏன்?

கார்ட்டூன் விலங்குகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடும். "கதைதானே, விடுங்க" என்பது ஒன்று. "பிள்ளைகளுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்" என்பது மற்றது. படத்தில் எத்தனை பிழை என்று எண்ணிக்கொண்டிருக்கும் வரை இந்தச் சண்டை தீராது. எந்தப் பிழை எதற்காக உள்ளே வந்தது என்பது ஒரு கேள்வி. படம் முடிந்தபின் அது எந்த வழியாக நிஜ விலங்கைப் போய்ச் சேர்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் ரக்கூனுக்கும் நீல மீனுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

## வண்டு ஒத்துழைக்காததில் தொடங்கியது

விலங்கு அனிமேஷனின் தொடக்கக் கதைகளில் ஒன்று லித்துவேனியாவில் நடந்தது. அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த கோவ்னோ நகரில், இயற்கை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், 1910 வாக்கில் இரண்டு கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம்பிடிக்க ஆசைப்பட்டார். அவை இரவில் நடமாடும் பூச்சிகள். படம்பிடிக்க விளக்கைப் போட்டதும் அசையாமல் கிடந்தன. மனிதர் விடவில்லை. செத்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, மெழுகால் மறுபடி ஒட்டி, ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்திச் சண்டையை உருவாக்கினார். இரண்டே வருடத்தில் அவருடைய வண்டுகள் காதலித்தன, துரோகம் செய்தன, சினிமாவுக்கும் போயின. பார்த்தவர்கள் சிலர் பூச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்திருப்பதாகவே நம்பினார்கள் என்று சொல்வார்கள்.

இந்தச் சம்பவத்தில் முழு விஷயமும் அடக்கம். நிஜ விலங்கு நாம் கேட்கும் கதையில் நடிக்காது. நடிக்க வைக்க அதன் காலைக் கழற்றி வேறு மாதிரி ஒட்ட வேண்டும். விலங்குக்கு மனித உணர்ச்சி, பேச்சு, உறவு, நோக்கம் இவற்றைக் கொடுப்பதை இந்தக் கட்டுரையில் மனிதத்தன்மை ஏற்றுதல் என்று சொல்வோம். பஞ்சதந்திரக் காலத்திலிருந்தே நடப்பதுதான். ஆனால் பஞ்சதந்திரம் கேட்டவர் நரியைத் தன் வயல்வரப்பில் பார்த்தவர். பெங்குவினையோ, குரங்கு போன்ற லெமூரையோ இன்றைய குழந்தை முதன்முதலில் சந்திப்பதே திரையில்தான்.

## மாற்றங்கள் மூன்று காரணத்துக்காக வருகின்றன

1. முகத்துக்காக

தெருவில் நிற்கும் ஓர் ஆட்டின் முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கும். கண்மணி படுக்கைவாட்டில் ஒரு கோடு. மனிதருக்கு இருப்பது போலப் புருவம் கிடையாது. அது பயந்திருக்கிறதா, பசித்திருக்கிறதா என்பது முகத்தைவிடக் காதிலும் வாலிலும் நிற்கிற நிலையிலும்தான் அதிகம் தெரியும். அதாவது, மனிதர் படிக்கிற பக்கத்தில் விலங்கு எழுதுவதில்லை.

ஓவியர் என்ன செய்வார்? கண்களை முன்பக்கம் கொண்டு வருவார். கருவிழியைச் சுற்றி வெள்ளை போடுவார். மனிதக் கண்ணில்தான் அந்த வெள்ளை பளிச்சென்று வெளியே தெரியும், யார் எங்கே பார்க்கிறார் என்று காட்டிக் கொடுக்கும்; பெரும்பாலான விலங்குகளில் தெரியாது. அப்புறம் புருவம், கன்னம், வாயோரம். இவை வந்துவிட்டால் ஆடு சிரிக்கும், முறைக்கும், சதி செய்யும்.

இதோடு குழந்தைச் சாயலும் சேரும். பெரிய தலை, அகன்ற கண், உப்பிய கன்னம், குட்டைக் கைகால் இவற்றைப் பார்த்தால் மனிதருக்குப் பாசம் பொங்குகிறது என்று 1943ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் எழுதினார். உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டு 1979ல் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்: மிக்கி மவுஸை அளவெடுத்தார். ஆரம்ப காலத்தில் மிக்கியின் கண் தலை நீளத்தில் 27 சதவீதம். பிற்காலத்தில் 42 சதவீதம். போக்கிரியாகத் தொடங்கிய எலி வருடம் போகப் போக நல்ல பிள்ளையானது. அதற்கு ஏற்ப உருவமும் பின்னோக்கிப் போய்க் குழந்தையாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. ரசிகர் மெச்சிய பக்கமாகப் பென்சில் சாய்ந்திருக்கும்.

முகத்தை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019ல் வந்த 'தி லயன் கிங்' மறு ஆக்கம் சாட்சி. ஏறக்குறைய முழுக்கக் கணினியில் செய்த படம். ஆனால் சிங்கம் சிங்கமாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். தமிழ் டப்பிங்கில் சதிகாரச் சித்தப்பாச் சிங்கம் ஸ்காருக்கு அரவிந்த் சாமியும் நாயகன் சிம்பாவுக்குச் சித்தார்த்தும் குரல் கொடுத்தார்கள். குரலில் சதி நடக்கிறது; முகத்தில் ஒரு சிங்கம் வாயைத் திறந்து மூடுகிறது. உணர்ச்சி வரவில்லை என்று உலகமெங்கும் விமர்சகர்கள் குறைபட்டது இதனால்தான்.

ஆக, முகப் பொய் இல்லாமல் இந்தக் கலையே இல்லை. அதைக் குற்றமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும்: சிம்பன்சி பல்லைக் காட்டி இளிப்பது பெரும்பாலும் பயத்தால். கார்ட்டூன் பழக்கத்தில் அதைச் சிரிப்பென்று படித்தால் தப்பு.

2. குடும்பத்துக்காக

தேனடையில் தேன் சேகரிப்பது, காவல் காப்பது, கொட்டுவது எல்லாமே பெண் தேனீக்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. எறும்புப் புற்றிலும் வேலைக்காரர்கள் எல்லோரும் பெண்கள்தான். ஆனால் 1998ல் அடுத்தடுத்து வந்த இரண்டு எறும்புப் படங்களிலும் 2007ல் வந்த தேனீப் படத்திலும் வேலைக்கார நாயகன் ஆண். எறும்புப் படம் ஒன்றில் ஆறு கால் நாலாகிவிட்டது, அது பரவாயில்லை, வரைகிற வசதி. நாயகன் ஆணாக இருந்தே ஆகவேண்டும் என்பதில் வரைகிற வசதி எதுவும் இல்லை, வெறும் பழக்கம். பெண் தேனீயை நாயகியாக வைத்திருந்தால் அறிவியலும் சரியாக இருந்திருக்கும், கதையும் புதிதாக இருந்திருக்கும்.

மடகாஸ்கர் தீவின் வளையவால் லெமூர் கூட்டத்தில் பெண்களே ஆளுகிறார்கள். சாப்பாட்டில் முதல் உரிமையும் அவர்களுக்குத்தான். 2005ல் வந்த 'மடகாஸ்கர்' படத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு ராஜா, கிரீடத்தோடு.

3. வேடத்துக்காக

கதைக்கு வில்லன் வேண்டும். யார் வில்லன் என்பதைப் பல நேரம் பழைய பழமொழிகளே முடிவு செய்கின்றன. ஓநாய், பாம்பு, கழுகு, கழுதைப்புலி, நரி. இந்த வகைப் பொய்தான் சிக்கலானது. முகத்தை மாற்றினால் 'இது கார்ட்டூன்' என்று குழந்தைக்கே தெரியும். குணத்தை மாற்றினால் அது தகவலாக மனதில் தங்கும்.

டோரா தொடரில் திருடுகிற பாத்திரம் அமெரிக்க மூலத்தில் ஃபாக்ஸ். தமிழில் அது குள்ளநரியானதும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. "குள்ளநரி திருடக்கூடாது" என்று ஒரு தலைமுறையே கூடச் சேர்ந்து கத்தியது. நரி தந்திரக்காரன் என்ற நாற்காலி ஏற்கெனவே நம் வீட்டில் போட்டிருந்தது. வந்தவர் நேராக அதில் உட்கார்ந்தார்.

இந்த மூன்றுக்கும் வெளியே இடப்பிழை என்று ஒன்று உண்டு, அதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. 1967ல் வந்த 'தி ஜங்கிள் புக்' மத்தியப் பிரதேசக் காட்டில் நடப்பது. அங்கே குரங்குகளின் ராஜா ஓர் ஒராங்குட்டான்! ஒராங்குட்டான் இருப்பது சுமத்ராவிலும் போர்னியோவிலும். இத்தனைக்கும் கிப்ளிங்கின் மூலக்கதையில் குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனே இல்லை. அதுதான் அவர்களின் இழிவு என்று மற்ற விலங்குகள் ஏசும். 'ரியோ' படத்தின் நீல மக்காவ் கிளி கூட ரியோ பக்கத்துப் பறவை அல்ல, பிரேசிலின் வடகிழக்கில் பாஹியாவின் வறண்ட முள்காட்டுப் பறவை. 2011ல் படம் வந்தபோது காட்டில் அறியப்பட்ட கிளி ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசி ஆண் 2000ல் காணாமல் போயிருந்தது. கூண்டில் பெருக்கிய எட்டுக் கிளிகளை 2022ல்தான் மறுபடி அங்கே பறக்கவிட்டார்கள்.

## நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டுமா?

சமூக ஊடகத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுற்றும் செய்தி இது. கோமாளி மீனில் பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும்; ஆகவே நீமோ என்ற கோமாளி மீன்குட்டியை அதன் அப்பா தேடி அலைகிற, 2003ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் பொய் என்று. பாதி சரி. முழுதாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் படம் சரியாகச் சொன்ன இடத்தை யாரும் சொல்வதில்லை.

கோமாளி மீன்கள், பூப் போலத் தெரியும் கடல் உயிரியான அனிமோனின் கொட்டும் இழைகளுக்குள் சிறு குழுவாக வாழ்கின்றன. குழுவில் அளவே பதவி. மிகப் பெரியது பெண். இரண்டாவது பெரியது அதன் துணையான ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல் வரிசையில் காத்திருக்கும் சின்னவை. எல்லாமே ஆணாகத் தொடங்குபவை. பெண் இறந்துவிட்டால் அந்த இடத்துக்கு ஆண் ஏறும், உடலும் பெண்ணாக மாறும். காத்திருந்தவற்றில் பெரியது புது ஆணாகும். ஆகவே தாயைப் பரக்குடா மீன் தின்றபின் நீமோவின் அப்பா மெல்ல அம்மாவாகியிருப்பார் என்பது உண்மைதான்.

ஆனால் முட்டையைக் காப்பது யார்? பெரும்பாலும் ஆண். பாறையில் ஒட்டிய முட்டைக் கூட்டத்துக்குத் துடுப்பால் தண்ணீர் விசிறுவது, செத்த முட்டைகளை வாயால் அகற்றுவது, வருகிறவனைத் துரத்துவது எல்லாம் அவர் வேலை. பிள்ளைக்காகப் பதறும் அப்பா என்ற படத்தின் அடிப்படை, உயிரியலிலிருந்து நேராக எடுத்தது போல இருக்கிறது. அதன்பின்தான் படம் பிரிகிறது: ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரிந்ததும் அது நீரோட்டத்தோடு திறந்த கடலுக்குப் போய்விடும், வேறெங்கோ ஓர் அனிமோனைத் தேடிக்கொள்ளும். அப்பாவுக்குப் பிள்ளை யாரென்று தெரியாது. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் காட்சிக்கு வாய்ப்பே இல்லை.

பால் மாறுவதை மறைத்தது குடும்பத்துக்காகச் செய்த மாற்றம். அதனால் எந்த மீனுக்கும் தீங்கு வரவில்லை. தீங்கு வந்திருக்கக்கூடிய வாசல் வேறு: சந்தை. இந்த இடத்தில் ஒரு தமிழ்நாட்டுத் தகவல் உதவும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இயங்கும் மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் விற்பனைக்கு இருந்தால் கடலிலிருந்து அள்ளுகிற நெருக்கடி குறையும். நீல மீன் விஷயத்தில் அந்த வசதி நெடுங்காலம் இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் அதைத் தொட்டியில் வெற்றிகரமாக வளர்த்துவிட்டோம் என்று அறிவித்ததே படம் வந்த 2016ல்தான்.

## கழுதைப்புலியின் கெட்ட பெயர்

மூன்றாவது வகைப் பொய்க்குச் சரியான எடுத்துக்காட்டு 1994ல் வந்த 'தி லயன் கிங்'. அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் புள்ளிக் கழுதைப்புலிகளை வளர்த்து ஆராய்ந்து வந்தார்கள். ஓவியர்கள் அங்கே போனார்கள், பார்த்து வரைந்தார்கள். ஆய்வாளர்கள் கேட்டது ஒன்றுதான்: இவற்றைக் கெட்டவையாகக் காட்டிவிடாதீர்கள். திரையில் வந்தவை எச்சில் வடிக்கிற, பிறர் வேட்டையைத் தின்கிற, பைத்தியம் போலச் சிரிக்கிற மூன்று கூலிக்காரர்கள்.

நிஜம் எப்படி? 1960களில் தான்சானியாவின் ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் இரவெல்லாம் விழித்துக் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். பகலில் வரும் சுற்றுலாப் பயணி காண்பது இது: நடுவில் சிங்கங்கள் தின்றுகொண்டிருக்கும், சுற்றிலும் கழுதைப்புலிகள் காத்திருக்கும். பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடலாம். க்ரூக் கண்ட இரவுக்காட்சி தலைகீழ். கழுதைப்புலிகள் கூட்டாக வேட்டையாடி வீழ்த்தின. சத்தம் கேட்டுச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொண்டது. விடிந்தபோது வேட்டையாடியவர்கள் வெளியே நின்றார்கள். புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது என்பது இன்று விலங்கியலில் பாலபாடம். அந்தச் 'சிரிப்பு' கூட, இரையருகே மற்றவர் நெருக்கும்போதும் துரத்தும்போதும் எழுப்புகிற பதற்றக் குரல்.

சுவாரசியம் என்னவென்றால், படம் தன்னையறியாமல் சில இடங்களில் சரியாகவும் இருக்கிறது. மூன்று கழுதைப்புலிகளுக்குத் தலைமை தாங்கும் ஷென்சி பெண். நிஜக் கூட்டத்திலும் பெண்களே மேலே. வெளியிலிருந்து வந்து சேரும் ஆணுக்குக் கடைசி வரிசை. சிங்கப் பக்கத்தில், புது ஆண் ஆட்சிக்கு வந்தால் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்வது காட்டில் நடப்பதுதான். ஸ்கார் சிம்பாவைத் தீர்க்கப் பார்ப்பதில் உயிரியல் தவறு இல்லை. வளர்ந்த ஆண் சிங்கம் ஊரைவிட்டு அலைவதும் சரி. ஆனால் 'ராஜா' என்பது மனிதக் கற்பனை. நிலமும் கூட்டமும் தாய், மகள், சித்தி என்று உறவான பெண் சிங்கங்களுடையது. ஆண்கள் சில வருடம் இருந்துவிட்டுத் துரத்தப்படுபவர்கள். (கூட்டத்தில் வயதுவந்த ஆண் இரண்டே பேர் என்றால் சிம்பாவின் ஜோடியான நாலாவின் அப்பா யார் என்ற கேள்வியைப் படம் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டது.)

நம் பக்கத்துக் கழுதைப்புலி வேறு இனம். நீலகிரி அடிவாரத்தில் சீகூர், மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பது வரிக் கழுதைப்புலி: கூச்ச சுபாவம், பெரும்பாலும் தனியாகவே திரியும், முக்கியமாகச் செத்ததைத் தின்று காட்டைச் சுத்தம் செய்யும். ஆப்பிரிக்கப் புள்ளிக்காரனின் பெயரில் எழுதிய அவதூறு இதன் கணக்கிலும் ஏறிவிடுகிறது. காட்டுக்குப் பணம் சேர்க்கும் சுவரொட்டிகளில் புலியையும் யானையையும் பார்க்கிறோம். கழுதைப்புலியை யாரும் போடுவதில்லை. ஒரு படத்தால் மட்டும் வந்த நிலை அல்ல இது, ஆனால் படம் பூட்டுப் போட்டுவிட்டுப் போனது.

## பொய் கடிக்கத் தேவையான நான்கு நிபந்தனைகள்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். நடந்த சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், திரையின் அழகு நிஜத்தில் தொல்லையாவதற்கு நான்கு விஷயம் கூடிவர வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

1. அந்த விலங்கு சட்டத் தடை இல்லாமல், ஒரு குடும்பம் தாங்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும்.

2. வாங்கும்போது குட்டியாக, திரையில் பார்த்த மாதிரியே இருக்க வேண்டும்.

3. வளர்ந்தபின் அது வேறு விலங்காகத் தெரிய வேண்டும்.

4. சலித்துப்போய் வெளியே விட்டால் அந்த ஊரில் பிழைத்துப் பெருக வேண்டும்.

டால்மேஷன் நாய்க்கு முதல் மூன்றும் பொருந்தும். குதிரை வண்டியோடு பல மைல் ஓடுவதற்கென்று வளர்த்த இனம், வீட்டுக்குள் அடைத்தால் வீடு தாங்காது. பிறவிச் செவிட்டுத்தன்மையும் அதிகம். 101 டால்மேஷன் குட்டிகளின் கதையை 1985ல் மறுபடி திரையிட்ட ஆண்டில் அமெரிக்க நாய்ச் சங்கத்தின் பதிவேட்டில் புதிதாக ஏறிய டால்மேஷன்கள் 8,170. எட்டு வருடம் கழித்து 42,816. அதற்கப்புறம் விழுந்த வேகம் ஏறிய வேகத்தையே மிஞ்சியது.

நீல மீன் முதல் நிபந்தனையிலேயே தடுக்கிவிட்டது. மீனின் விலை ஒரு பக்கம். உப்புநீர்த் தொட்டி, அதற்கான விளக்கு, வடிகட்டி, வாராவாரம் நீர்ச் சோதனை என்று செலவு இன்னொரு பக்கம். பிள்ளை கேட்டதும் அப்பா கடைக்குக் கிளம்பினாலும் விலைப்பட்டியலைப் பார்த்துப் பொம்மையோடு திரும்பிவிடுவார். இது என் கணிப்புதான். ஆனால் தேடல் ஏறியும் இறக்குமதி ஏறாததற்கு இதைவிட எளிய விளக்கம் தெரியவில்லை.

ஆமைக்கு நாலும் பொருந்தும். 1987ல் தொடங்கிய நிஞ்சா ஆமைகள் தொடரில், வளர்ப்பு ஆமைக்குட்டிகள் சாக்கடையில் விழுவதுதான் கதையின் தொடக்கம். அந்த அலையில் பிரிட்டன் போன்ற நாடுகளில் செங்காது ஆமைக்குட்டிகள் ஏராளமாக விற்றன. தட்டளவு வளர்ந்ததும் குளத்தில் விடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 1997ல் அவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. அதே ஆமை நம் வண்ணமீன் கடைகளிலும் நாணய அளவில் விற்கிறது. நம் நட்சத்திர ஆமையை வளர்த்தால் வனத்துறை பிடிக்கும்; இது வெளிநாட்டு இனம் என்பதால் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெறாமல் தப்பி வந்தது. இருபது முப்பது வருடம் வாழக்கூடியது, கண்ணாடிக் கிண்ணத்தில் அல்ல.

## பாம்பி கொடுத்த முகம்

சந்தை ஒரு வாசல் என்றால் அரசுக் கொள்கை இன்னொன்று. 1942ல் வந்த 'பாம்பி' படத்துக்காக ஸ்டூடியோவுக்கே இரண்டு மான்குட்டிகளைக் கொண்டுவந்து வைத்து வரைந்தார்கள். உடல் அசைவு நிஜம், முகம் குழந்தை. தாய் மானைச் சுடும் வேடனைத் திரையில் காட்டவே இல்லை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

அதைவிட நீண்ட விளைவு படத்தில் வரும் காட்டுத்தீயிலிருந்து வந்தது. 1944ல் தீத்தடுப்புப் பிரச்சாரத்துக்குப் பாம்பியை ஓராண்டுக்குக் கடன் கொடுத்தார்கள். கடன் முடிந்ததும் அரசு தனக்கென்று சொந்தமாக ஒரு விலங்கை வரைந்துகொண்டது: தொப்பி போட்ட ஸ்மோக்கி கரடி. 1950ல் நியூ மெக்சிகோ காட்டுத்தீயில் காயம்பட்டுக் கிடைத்த நிஜக் கரடிக்குட்டிக்கும் அதே பெயரை வைத்து வாஷிங்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். 1976ல் சாகும்வரை அது அங்கேயே இருந்தது.

எந்தத் தீயானாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க வனத்துறை 1935லேயே வைத்திருந்தது. கார்ட்டூன் அதை உருவாக்கவில்லை. அதற்கு ஒரு முகம் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அழுகிற மான்குட்டியோடு யார் வாதாடுவது? சில பைன் மரங்களின் காய்கள் தீச்சூட்டில்தான் திறக்கும், சிறு தீக்கள் தரைச் சருகை அவ்வப்போது தின்று பெருந்தீயைத் தள்ளிப்போடும் என்று காட்டியலாளர்கள் எவ்வளவு சொன்னாலும், தீ என்றால் பாம்பியின் எதிரி என்ற படம் அகல நெடுநாள் ஆனது. கடைசியில் 2001ல் ஸ்மோக்கியின் வாசகத்தையே திருத்தினார்கள்: 'வனத்தீ' என்று இருந்ததைக் 'கட்டுக்கடங்காத தீ' என்ற பொருள்வரும் சொல்லாக மாற்றினார்கள். வேண்டுமென்றே கட்டுக்குள் மூட்டும் தீயும் உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

விலங்குக்குத் தொல்லை வரக் கார்ட்டூன்தான் வேண்டும் என்றும் இல்லை. சேலம் மாவட்டத்து வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரி பிடித்துக் கயிற்றில் ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கைதான் காரணம். வனத்துறை வழக்குப் போடுகிறது, அபராதம் விதிக்கிறது. பழமொழியும் ஒரு வகைக் கார்ட்டூன்தான்.

## ரக்கூனின் கை

ஜப்பானிய மொழியில் ரக்கூனுக்கு 'அராய்குமா' என்று பெயர். கழுவும் கரடி என்று அர்த்தம். அது உணவைத் தண்ணீரில் அலசுவது போலத் தெரிவதால் வந்த பெயர். உண்மையில் சுத்தத்துக்காக அல்ல. அதன் முன்கை தொடுஉணர்ச்சி மிகுந்தது, நீருக்கடியில் இரையைத் தடவித் தேடுகிற பழக்கம் கூண்டிலும் தொடர்கிறது. அந்தக் கைதான் கதையில் ராஸ்கலை மனிதக் குழந்தை மாதிரி ஆக்கியது. அதே கைதான் வீட்டில் தாழ்ப்பாளைத் திறந்தது, அலமாரியைக் கவிழ்த்தது. ஒரு வயது தாண்டியதும் கடியும் சேர்ந்துகொண்டது.

கதை முடிவில் சிறுவன் ராஸ்கலைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். அலுத்துப்போன பலரும் அதையே செய்தார்கள். ராஸ்கல் விஸ்கான்சின் காட்டுக்குத் திரும்பியது. இவை போனது ஜப்பானியக் காட்டுக்கு. முழுப் பழியையும் தொடரின் மேல் போட முடியாது: 1962லேயே அய்ச்சி மாகாணத்தின் இனுயாமாவில் கூண்டிலிருந்து தப்பிய ரக்கூன்கள் உண்டு. ஆனால் நாடு முழுக்க வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது தொடர்தான். ஹொக்கைடோவின் எனிவா நகரில் 1979ல் தப்பிய சுமார் பத்து ரக்கூன்களே அந்தத் தீவின் பெருக்கத்துக்குத் தொடக்கம் என்கிறார்கள்.

இன்று தர்ப்பூசணித் தோட்டத்தில் ரக்கூன் வந்துபோன அடையாளம் தெளிவாக இருக்கும். பழத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே சதை முழுக்கச் சுரண்டி எடுத்திருக்கும். ஓடு மட்டும் முழுசாகக் கொடியில் கிடக்கும். கியோத்தோ, நாரா பக்கத்துப் பழைய கோவில்களின் மரத்தூண்களில் ஐந்து விரல் நகக்கீறல்கள் மேலே ஏறிப் போகும். அந்த மண்ணுக்கே உரிய தனுக்கி, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, நான்கு விரல் தடம் பதிப்பது. முகத்தில் கறுப்புத் திட்டு இருப்பதால் ரக்கூன் என்று தப்பாகப் பெயர் வாங்குகிறது. இடத்துக்கும் இரைக்கும் ரக்கூனோடு போட்டி வேறு.

ராஸ்கல் பொம்மைகள் இன்னும் விற்கின்றன. நகராட்சிகள் கம்பிப் பொறி வைத்து ஆண்டுக்குப் பல்லாயிரம் ரக்கூன்களைப் பிடித்துக் கொல்கின்றன. கதையின் மூலநூலில், சிறுவன் கொடுத்த சர்க்கரைக் கட்டியை ராஸ்கல் பால் கிண்ணத்தில் அலசும். கட்டி கரைந்து காணாமல் போனதும் கிண்ணத்துக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவித் தேடும். பொறிக்குள் இறைச்சி வைத்தால் ஊர்ப்பூனை மாட்டிக்கொள்கிறது என்பதால், இப்போது ரக்கூனுக்கு வைப்பது பெரும்பாலும் இனிப்புத் தின்பண்டம்.